சின்ன ட்ரெய்லர் சோலாருக்கு ஃப்யூஸ், பிரேக்கர்: எதுக்கு காசு செலவு பண்ணலாம், எதுக்கு வேண்டாம்

நேரா விஷயத்துக்கு வரேன். 12 வோல்ட் சோலார் போடுறவங்க பேனல் எத்தனை வாட், பேட்டரி எத்தனை ஆம்ப்-அவர்னு மாசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணுவாங்க, கடைசில ஃப்யூஸ் பிரேக்கர்னு வரும்போது மட்டும் ஆன்லைன்ல முதல்ல கண்ணுல படுற பத்து டாலர் ஐட்டத்தை கார்ட்ல தூக்கிப் போட்டு முடிச்சுடுவாங்க. நான் வாங்குன செகண்ட்ஹேண்ட் ட்ராவல் ட்ரெய்லர்லயும் முன்னாடி ஓனர் அதைத்தான் பண்ணி வச்சிருந்தார். அதையெல்லாம் பிடுங்கிப் போட்டு வேற வாங்கி மாட்டியாச்சு, அரிசோனா வெயில்ல குவார்ட்ஸைட் பக்கம் பாலைவனத்துல கரன்ட் கனெக்‌ஷன் எதுவும் இல்லாம நிறுத்தி ஓட்டியும் பார்த்தாச்சு, எது தேறுச்சு எது தேறலன்னு எழுதிடறேன்.

முதல்ல நம்ம செட்டப் என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா நம்பர் எதுவும் புரியாது. மேல 100 வாட் பேனல் நாலு, ரெண்டு ரெண்டா சீரிஸ் பண்ணி அந்த ரெண்டு ஜோடியை பேரலல். பேனல்ல இருந்து வர்றதை பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தி சார்ஜ் பண்ற 30 ஆம்ப் எம்.பி.பி.டி கன்ட்ரோலர். 100 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ரெண்டு, பேரலல். 1000 வாட் இன்வெர்ட்டர். அப்புறம் வழக்கமான ஃபேன், லைட், தண்ணி பம்ப், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ். சின்ன சிஸ்டம்தான், ஆனா ஷார்ட் ஆச்சுன்னா சின்னது பெருசுன்னு பார்க்காது.

கழட்டுன பழைய பிரேக்கரைப் பத்தி சொல்லியே ஆகணும். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருந்துச்சு, 50 ஆம்ப்னு மேல எழுதியிருந்துச்சு, கம்பெனி பேர்னு எதுவும் கிடையாது, கறுப்பு பிளாஸ்டிக், சிவப்பு பட்டன், பக்கத்துல ஒரு லீவர். மத்தியானம் வெயில் உச்சில இருக்கும்போது 24 ஆம்ப் போய்ட்டு இருக்கும், 50 ஆம்ப் பிரேக்கருக்கு அது பாதி கூட இல்ல, ஆனா டப்புனு ட்ரிப் ஆகிடும். கைய வச்சா சுடுது, ஸ்டட் (வயர் மாட்டுற போல்ட்) பக்கத்துல பிளாஸ்டிக் லேசா பழுப்பு ஏறிக் கிடக்கு. மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல போட்டு பிரேக்கரோட ரெண்டு ஸ்டட்லயும் முனைய வச்சுப் பார்த்தா 0.3 வோல்ட் காட்டுது. 24 ஆம்ப்பை 0.3 ஆல பெருக்குங்க, ஏழு வாட்டுக்கு மேல வருதா, அந்த ஏழு வாட்டும் அந்த சின்ன டப்பாக்குள்ளயே சூடா மாறுது. அந்த சூட்டுலதான் உள்ள இருக்குற பைமெட்டல் பட்டை வளைஞ்சு அதுவாவே ட்ரிப் ஆகுது.

இதுல சூடு மட்டும் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. கன்ட்ரோலர் தன்னோட முனையில இருக்குற வோல்டேஜைத்தான் படிக்குது, நடுவுல 0.3 போனா பேட்டரில 13.9 இருக்கும்போதே இது 14.2னு நினைச்சுக்கிட்டு கரன்ட்டை குறைக்க ஆரம்பிச்சுடும், சார்ஜ் ஏற நேரம் இழுக்கும். அதைவிட மோசம், வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது இந்தப் பக்கம் ட்ரிப் ஆனா பேனல் கன்ட்ரோலர்ல மாட்டியபடியே இருக்கு, பேட்டரி மட்டும் காணாம போயிடுது. எந்த கன்ட்ரோலர் மேனுவலை எடுத்தாலும் பேட்டரியை முதல்ல மாட்டு, பேனலை அப்புறம் மாட்டு, கழட்டும்போது பேனலை முதல்ல கழட்டுன்னுதான் போட்டிருக்கும். இந்த பிரேக்கர் தினம் மத்தியானம் அதை தலைகீழா செஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

சரி, அதுக்கு பதிலா போட்டது ப்ளூ ஸீ கம்பெனியோட 285 சீரிஸ் பிரேக்கர்ல 40 ஆம்ப். 30 ஆம்ப் கன்ட்ரோலருக்கு ஒண்ணேகால் மடங்கு போட்டா 37.5, அதுக்கு அடுத்த சைஸ் 40. வயர் 8 கேஜ். பார்க்க ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரிதான் இருக்கும், அதே லீவர், அதே சிவப்பு பட்டன், உதவிக்கு வந்த தம்பி ரெண்டையும் கைல வச்சுக்கிட்டு "அண்ணே இதுக்கா இத்தனை டாலர்?"னு கேட்டான். மாட்டி அதே 24 ஆம்ப்ல அளந்தா 60 மில்லிவோல்ட் பக்கம்தான் விழுது. கை வச்சா லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பட்டனை அமுக்குனா லீவர் பட்டுனு விழுது, திருப்பி தள்ளினா தயக்கம் இல்லாம உட்காருது. சோலாரை நிறுத்தணும்னா இதையே சுவிட்ச் மாதிரி யூஸ் பண்ணலாம்ங்கறது வசதி. இதோட காப்பி ஆன்லைன்ல பாதி விலைக்கு கொட்டிக் கிடக்கு, சிலது நல்லாவே இருக்கலாம், ஆனா எது நல்லதுன்னு மாட்டி சூடாக்கிப் பார்த்தாதான் தெரியும்ங்கறபோது அந்த லாட்டரி எனக்கு வேண்டாம்.

இனிமேதான் மெயின் மேட்டர், பேட்டரி பக்கத்து ஃப்யூஸ். காசை இங்கதான் கொட்டணும்.

ஃப்யூஸ்ல ரெண்டு நம்பர் இருக்கு. ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச ஆம்ப் ரேட்டிங். இன்னொண்ணு இன்டரப்ட் ரேட்டிங், அதாவது எவ்வளவு ஆம்ப் ஷார்ட் வரைக்கும் அது ஒழுங்கா அறுத்து நிறுத்தும்ங்கற கணக்கு. அந்த அளவுக்கு மேல போச்சுன்னா ஃப்யூஸ் உள்ள இருக்குற உலோகம் உருகினாலும் நடுவுல ஆர்க், அதாவது மின்பொறி, பிடிச்சு கரன்ட் ஓடிக்கிட்டே இருக்கும், இல்ல ஃப்யூஸே வெடிக்கும். லித்தியம் பேட்டரியோட உள் ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மி. வெறும் செல்லா வாங்கி கட்டுறாங்களே 280 ஆம்ப்-அவர் சைஸ்ல, அதுல ஒரு செல் கால் மில்லி ஓம் கூட வராது, நாலு செல், பட்டை எல்லாம் சேர்த்தும் ஒரு மில்லி ஓம்முக்கு கொஞ்சம் மேலதான், 13 வோல்ட்டை அதால வகுத்தா பத்தாயிரம் ஆம்ப் கிட்ட நிக்குது. பேட்டரிக்குள்ள இருக்குற காவல் போர்டு, அதாவது பி.எம்.எஸ், கட் பண்ணிடும்னு சொல்லுவாங்க, பண்ணும்தான், ஆனா பி.எம்.எஸ்ல சுவிட்ச் வேலை பார்க்குற மாஸ்ஃபெட் கெட்டுப் போகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெட்டுப் போகும், அதை மட்டும் நம்பி தூங்க முடியாது.

இப்ப ஒவ்வொரு ரக ஃப்யூஸும் எவ்வளவு தாங்கும்னு பாருங்க. கார்ல இருக்குற சாதா பிளேடு ஃப்யூஸ் 1000 ஆம்ப். போல்ட் போட்டு முறுக்குற பெரிய ரகத்துல மெகா ஃப்யூஸ் 32 வோல்ட்ல 2000, ஏ.என்.எல் 6000. எம்.ஆர்.பி.எஃப்னு ஒரு கட்டி மாதிரி ஃப்யூஸ் இருக்கு, அது 14 வோல்ட்ல 10,000, ஆனா 32 வோல்ட்ல 5000, 58 வோல்ட்ல 2000னு இறங்கிடும். கிளாஸ்-டி (Class T) ஃப்யூஸ் 125 வோல்ட்லயே 20,000. இதெல்லாம் ப்ளூ ஸீ தன்னோட டேட்டா ஷீட்ல போடுற நம்பர். கார் ஆடியோ கடைல தங்க முலாம் பூசின ஏ.என்.எல் விக்கறாங்களே, ஹோல்டர் கண்ணாடி மாதிரி, வோல்ட்மீட்டர் எல்லாம் வச்சு, அதுல இன்டரப்ட் ரேட்டிங் எங்கயாவது எழுதியிருக்கான்னு தேடிப் பாருங்க. எழுதாத பொருளை பேட்டரி பாசிட்டிவ்ல மாட்டக் கூடாதுங்கறது என் கட்சி.

நான் போட்டது எம்.ஆர்.பி.எஃப்தான், ஒவ்வொரு பேட்டரி பாசிட்டிவ் முனையிலயும் ஒண்ணு, 125 ஆம்ப். கிளாஸ்-டி ஏன் போடலன்னு கேப்பீங்க. இது ரெடிமேட் 100 ஆம்ப்-அவர் பேட்டரி, ஒவ்வொண்ணும் தனித்தனியா தரக்கூடிய ஷார்ட் கரன்ட் சில ஆயிரம் ஆம்ப் ரேஞ்ச்தான். பேட்டரிக்கு ஒரு ஃப்யூஸ்னு தனித்தனியா போட்டுட்டா கீழ எங்க ஷார்ட் ஆனாலும் ஒவ்வொரு ஃப்யூஸும் தன்னோட ஒரு பேட்டரியை மட்டும் அறுத்தா போதும், ரெண்டையும் சேர்த்து தாங்க வேண்டியதில்ல. ஒரு பேட்டரி உள்ளயே ஷார்ட் ஆச்சுன்னா பக்கத்து பேட்டரி அதுக்குள்ள கொட்டறதையும் இதே ஃப்யூஸ் நிறுத்திடும், பேரலல் போடுறவங்க நிறைய பேர் யோசிக்காம விடுற இடம் இது. அதே நீங்க வெறும் செல் வாங்கி பெரிய பேட்டரியா கட்டுறீங்க, இல்ல 24, 48 வோல்ட்டுக்கு போறீங்கன்னா மறு பேச்சே இல்ல, கிளாஸ்-டி. ஹோல்டரோட சேர்த்து நூறு டாலர் பக்கம் வரும், வலிக்கும்தான்.

எம்.ஆர்.பி.எஃப்ல எனக்கு ரொம்ப பிடிச்சது இடம் அடைக்காதது. பேட்டரி முனை மேலயே நேரா உட்காருது, ஃப்யூஸ் இல்லாத வயர்னு ஒரு இன்ச் கூட கிடையாது. படகு வயரிங்குக்கு ஏ.பி.ஒய்.சிங்கற அமெரிக்க படகு அமைப்போட ரூல்ல பேட்டரில இருந்து 7 இன்ச்சுக்குள்ள ஃப்யூஸ் வரணும்னு இருக்கு, ட்ரெய்லருக்கு அது சட்டம் இல்ல, ஆனா நல்ல பழக்கம், ஃப்யூஸுக்கு முன்னாடி இருக்குற வயரை காப்பாத்த ஆளே இல்லையே. பிடிக்காதது, ஹோல்டர் தடிமன். பேட்டரில ஸ்டட் இல்லாம எம்-8 போல்ட் திருகுற மாதிரி இருந்தா பேட்டரியோட வந்த போல்ட் பத்தாது, நீளமா வேற வாங்கணும், ரொம்ப நீளமா போனாலும் உள்ள அடில முட்டிக்கிட்டு டைட் ஆன மாதிரி ஏமாத்தும். இன்னொரு விஷயம், இதுல கரன்ட் ஃப்யூஸோட அடிப்பக்கம் ஏறி மேல்பக்கம் வழியா லக்குக்கு (கேபிள் முனைல இருக்குற வளையம்) போகுது, அதனால கேபிள் லக் நேரா ஃப்யூஸ் மேல உட்காரணும், வாஷர் எல்லாம் லக்குக்கு மேல, நட்டுக்கு கீழ. ஃப்யூஸுக்கும் லக்குக்கும் நடுவுல ஒரு ஸ்டெயின்லெஸ் வாஷரை சொருகி வச்சிருக்குற போட்டோ எத்தனையோ பார்த்துட்டேன், ஸ்டெயின்லெஸ் மோசமான கண்டக்டர், 100 ஆம்ப் அது வழியா போனா அங்க அடுப்பு வச்ச மாதிரிதான்.

இன்வெர்ட்டர் ஃப்யூஸ் கணக்கு நிறைய பேர் 1000 வகுத்தல் 12, 83 ஆம்ப், அப்ப 100 ஆம்ப் போதும்னு போடுறாங்க. பேட்டரி இறங்கி முனைல 11 வோல்ட் இருக்கும்போது, இன்வெர்ட்டர் எஃபிஷியன்சி 85 சதவீதம்னு வச்சுக்கிட்டா 107 ஆம்ப் இழுக்கும், அதுக்கு ஒண்ணேகால் மடங்கு 134, அடுத்த சைஸ் 150. வயர் 2 கேஜ், 105 டிகிரி இன்சுலேஷன், ஏ.பி.ஒய்.சி டேபிள்ல அதுக்கு 210 ஆம்ப் வரை இடம் இருக்கு, அதனால 150 ஃப்யூஸ் அதை நல்லா காப்பாத்தும். ஃப்யூஸ் வயருக்குத்தான், இன்வெர்ட்டரை காப்பாத்தறதுக்கு இல்ல, அதனால முதல்ல வயர், அப்புறம் ஃப்யூஸ். ஊர்ல ஃப்யூஸ் கட்டைல கம்பி போச்சுன்னா கைக்கு கிடைச்ச வயர்ல ரெண்டு இழை உருவி சுத்துவாங்களே, அந்த மனசோட இங்க 150 போயிடுச்சு 200 போட்டுப் பாப்போம்னு ஆரம்பிக்காதீங்க. அப்புறம் கேபிள் வாங்கும்போது சுத்த காப்பரான்னு பாருங்க, அலுமினியத்து மேல காப்பர் பூசின கேபிள் அதே கேஜ் நம்பர் போட்டு சல்லிசா விக்கறாங்க, டேபிள்ல இருக்குற ஆம்ப் கணக்கு அதுக்கு செல்லாது.

பேனல் பக்கம் வருவோம், இங்க செலவு கம்மி. ஒரு பேனலோட ஷார்ட் சர்க்யூட் கரன்ட் 6 ஆம்ப் பக்கம், ரெண்டு ஜோடி பேரலல்னா மொத்தமே 12. ஒரு ஜோடி கெட்டுப் போனா இன்னொண்ணு அதுக்குள்ள தள்ளக்கூடியது 6 ஆம்ப்தான், பேனலோட பின்பக்க லேபிள்ல மேக்ஸிமம் சீரிஸ் ஃப்யூஸ் 15னு போட்டிருக்கு, அதனால தனித்தனி ஃப்யூஸ் தேவையே இல்ல. மூணு இல்ல அதுக்கு மேல பேரலல் போட்டீங்கன்னாதான் ஒவ்வொண்ணுக்கும் பேனல் வயர்லயே சொருகுற எம்.சி-4 இன்லைன் ஃப்யூஸ். கிட்ல சும்மா சேர்த்து விக்கறாங்கன்னு ரெண்டு பேனலுக்கு மாட்டிக்கிட்டு கூரை மேல கூடுதலா ஜாயின்ட் வைக்காதீங்க, வெயில்லயும் மழைலயும் கிடந்து கெடுறது அந்த ஜாயின்ட்தான்.

ஆனா பேனலை கழட்டி விட ஒரு சுவிட்ச் வேணும். அதுக்கு மிட்நைட் சோலாரோட 150 வோல்ட் டிசி, டின் ரெயில்ங்கற (DIN rail) உலோகப் பட்டைல மாட்டுற டைப் பிரேக்கர் 20 ஆம்ப் போட்டேன். 12 ஐ 1.56 ஆல (ஒண்ணேகால் மடங்கு ரெண்டு தடவை) பெருக்கினா 18.7, அதுக்கு 20 சரி. சின்னதா ஒரு டப்பா, ஹேண்டில் டக்குனு விழுது, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கவனிக்க வேண்டியது, அதுல ஒரு பக்கம் பிளஸ் குறி இருக்கும், அது சும்மா அலங்காரத்துக்கு போடல. உள்ள இருக்குற காந்தம் ஆர்க்கை ஒரு பக்கமா ஊதித் தள்ளி அணைக்குது, திருப்பி மாட்டினா ஆர்க்கை தப்பான பக்கம் தள்ளும், லோடுல ஆஃப் பண்ணும்போது பிரேக்கரே எரியலாம். பேனல்ல இருந்து கரன்ட் ஒரே திசைல வர்றதால இங்க பிரச்சனை இல்ல, ஆனா இதே டைப்பை பேட்டரிக்கும் இன்வெர்ட்டர்-சார்ஜருக்கும் நடுவுல போட்டா அங்க கரன்ட் ரெண்டு பக்கமும் போகும், அதுக்கு போலாரிட்டி இல்லாத டைப்தான் வாங்கணும்.

வீட்டுக்கு போடுற ஏசி எம்.சி.பி நாலு டாலருக்கு கிடைக்குதே அதை போடலாமான்னு கேக்கறவங்களுக்கு: வேண்டாம். இங்க அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ், கரன்ட் செகண்டுக்கு 120 தடவை ஜீரோ ஆகுது, அந்த கேப்ல ஆர்க் தானா அணைஞ்சுடும். டிசில ஜீரோவே கிடையாது, காண்டாக்ட் பிரிஞ்சாலும் நடுவுல நெருப்பு நிக்கும்.

ட்ரெய்லர் வச்சிருக்கவங்களுக்கு தனியா ஒண்ணு. இழுக்குற வண்டியோட இணைக்குற முன்பக்க நாக்குல, பேட்டரி பெட்டி பக்கத்துல, தகர டப்பா மாதிரி ரெண்டு ஸ்டட் நீட்டிக்கிட்டு ஒரு குட்டி பிரேக்கர் கம்பெனிலயே போட்டு வந்திருக்கும், 30, 40 ஆம்ப்னு. பெரும்பாலும் அது டைப்-1, அதாவது ஆட்டோ ரீசெட், ட்ரிப் ஆகும், ஆறும், தானா திரும்ப ஆன் ஆகும், ஷார்ட் இன்னும் இருந்தா திரும்ப ட்ரிப், இப்படியே விடிய விடிய. வயர் ஒவ்வொரு தடவையும் சூடாகிட்டே இருக்கும், உங்களுக்கு தகவலே வராது. லெட்-ஆசிட் காலத்துல சரி, லித்தியம் போட்ட கையோட அதை தூக்கிட்டு கையால ரீசெட் பண்ற டைப்-3 போட்டுடுங்க. பேட்டரியை உள்ள மாத்தும்போது இன்னொண்ணையும் பாருங்க, வண்டில இருந்து ட்ரெய்லர் கழண்டா தானா பிரேக் பிடிக்க வைக்குற பிரேக்-அவே சுவிட்ச் வயர். அதை மெயின் ஆஃப் சுவிட்சுக்கு அப்புறமா மாட்டிட்டா, நீங்க மெயினை ஆஃப் பண்ணிட்டு ரோட்ல போற அன்னிக்கு ஆபத்து நேரத்துல பிரேக் பிடிக்காது. பேட்டரி ஃப்யூஸுக்கு அப்புறம், மெயின் சுவிட்சுக்கு முன்னாடி, அதுக்குன்னு தனி சின்ன ஃப்யூஸோட போகணும்.

சின்ன லோடுக்கெல்லாம் ப்ளூ ஸீயோட எஸ்.டி பிளேடு ஃப்யூஸ் பிளாக், 12 சர்க்யூட், நெகட்டிவ் வயரெல்லாம் சேர்த்து மாட்டுற பட்டையும் (பஸ்) அதுலயே இருக்கு, மூடி உண்டு. ஒரு சர்க்யூட்டுக்கு 30 ஆம்ப், மொத்தம் 100. மூடில ஒட்ட ஸ்டிக்கர் தர்றாங்க, உருப்படியான விஷயம். இங்க விலை கம்மியான வேற பிராண்ட் வாங்கினாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன், ஏன்னா மேல எம்.ஆர்.பி.எஃப் காவல் இருக்கு, ஒவ்வொரு சர்க்யூட்லயும் போறது அஞ்சு பத்து ஆம்ப். ஆனா பிளேடு ஃப்யூஸ் மட்டும் பஸ்மேன் இல்ல லிட்டல்ஃப்யூஸ் வாங்குங்க. 120 பீஸ் டப்பா எட்டு டாலர்னு வருதே, அதுல சிலது ரேட்டிங்கைவிட ரெண்டு மடங்கு போனாலும் அசையாம உட்கார்ந்திருக்கும். நல்ல பிளேடு ஃப்யூஸே 110 சதவீதத்துல 100 மணி நேரம் தாங்கணும், 135 சதவீதத்துல முக்கால் செகண்ட்ல இருந்து பத்து நிமிஷம் வரைக்கும் எடுத்துக்கலாம், 200 சதவீதம்னா அஞ்சு செகண்டுக்குள்ள போயிடணும்னுதான் தரம் வச்சிருக்காங்க. அதனால 10 ஆம்ப் ஃப்யூஸ் 10.5லயே போகும்னு எதிர்பார்க்கறதும் தப்பு, 20 ஆம்ப்ல போகாத ஃப்யூஸை விட்டு வைக்கறதும் தப்பு. கலர் பார்த்தே எடுத்துடலாம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

வெயிலைப் பத்தி ஒரு வார்த்தை. ஜூன் மாசம் பேட்டரி பெட்டிக்குள்ள 45, 50 டிகிரி சர்வ சாதாரணம், பைமெட்டல் பிரேக்கர் எல்லாமே அப்ப சீக்கிரம் ட்ரிப் ஆகும், நல்ல பிராண்டும் விதிவிலக்கு இல்ல. அதனால கணக்கு போட்டு சரியா விளிம்புல நிக்குற சைஸ் எடுக்காம வயர் அனுமதிச்சா ஒரு படி மேல போகலாம், என் 8 கேஜ் வயர் 50 பிரேக்கரையும் தாங்கும். இதுவரைக்கும் 40 ட்ரிப் ஆகல, அதனால மாத்தல.

மார்க் போடணும்னா எம்.ஆர்.பி.எஃப்க்கு பத்துக்கு ஒன்பது, போல்ட் விவகாரத்துக்கு ஒண்ணு குறைச்சாச்சு. 285 பிரேக்கருக்கு எட்டு, விலை கொஞ்சம் ஓவர். மிட்நைட்டுக்கு ஒன்பது. பிளேடு பிளாக்குக்கு ஏழு, மூடியோட கிளிப் ரெண்டு தடவை திறந்ததுக்கே லொடலொடங்குது. பேர் இல்லாத 50 ஆம்ப்புக்கு மார்க் இல்ல. ஸ்பேர் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம், 125லயும் 150லயும் ஒவ்வொண்ணு எக்ஸ்ட்ரா வாங்கி பேட்டரி பெட்டி மூடிலயே டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன், பாலைவனத்துல இருந்து கிளம்பி எம்.ஆர்.பி.எஃப் தேடிப் போனா கடைக்காரர் கார் ஆடியோ ஏ.என்.எல்லைத்தான் எடுத்து நீட்டுவார்.